இரண்டெழுத்தில் சொன்னது

காலை ஏழே முக்கால் பஸ்ஸின் படியில் வலது காலை வைத்தேன். கால் ஏறிவிட்டது, நான் ஏறவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்கினேன். பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பெண்கள், "ஏறுக்கா, பஸ்ஸ எடுத்துடப் போறான்" என்று முதுகில் கைவைத்துத் தள்ளி உள்ளே அனுப்பினார்கள். உட்கார இடம் கிடைத்ததும் குனிந்து பாதங்களைப் பார்த்தேன். செருப்பு இருந்தது. செருப்புப் போட்டிருக்கிற உணர்வுதான் இல்லை.

எங்கள் வீடு பெருநகரில். உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு மனு டைப் அடிக்கும் வேலை. பெயர் செல்வராணி, அப்போது வயது முப்பத்தாறு. அதற்குப் பத்து நாள் முன்பு எனக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இருந்தது. நின்றதும் மறந்துவிட்டேன்.

வாய் பேச முடியாமல் கிடக்கிறவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிடக்கிறவருக்குள் என்னென்ன ஓடும் என்று நிற்கிறவருக்குத் தெரியாது. நானே கிடந்து பார்க்கும்வரை எனக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் கடை நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. என் வீட்டுக்காரர் பிரகாசம் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர், நான் விழாமலிருக்கத் துண்டால் என்னைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, வண்டியில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டூட்டியில் இருந்த பெண் டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். அடுத்த காலில் தட்டினார். பிறகு சுத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, "சமீபத்துல பேதி கீதி ஆச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க. இன்னா டாக்டர், சத்து கம்மியா கீதா?" என்றார் பிரகாசம்.

"ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். நேரா மெட்ராஸ் போயிடுங்க. வழியில டீ குடிக்கக்கூட நிறுத்தாதீங்க."

டீ குடிக்கக்கூட என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு முதல் பயம் வந்தது.

சென்னையில் பெரிய அரசு மருத்துவமனை. அங்கே முதுகுத்தண்டில் ஊசி போட்டு இரண்டு சொட்டு நீர் எடுத்தார்கள். கைகால்களில் சின்னச் சின்னதாகக் கரண்ட் கொடுத்து, நரம்பு அதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்த்தார்கள். ஜி.பி.எஸ். என்றார்கள், நரம்பைத் தாக்கும் ஒரு நோயின் சுருக்கப்பெயராம். ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டாம். வயிற்றுக்கு வந்த கிருமியோடு சண்டை போட்ட நம் உடம்பின் காவல்படையே, எதிரி என்று நினைத்து அந்த உறையைக் கடித்துத் தின்றுவிடும். காலில் தொடங்கி மேலே ஏறும். எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்ப வளரும், ஆனால் நாளாகும். மூச்சுக்கு வந்துவிட்டால் மெஷின் வைக்க வேண்டும்.

மூச்சுக்கு வருகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை வைத்திருந்தார்கள். மூச்சை முழுக்க இழுத்து, நடுவில் விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முதல்நாள் இருபத்துநாலு வரை வந்தேன். மறுநாள் காலை பதினைந்து. சாயங்காலம் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை எண்ணுங்கம்மா" என்றார். ஒன்பது என்றேன். பத்துக்கு வாய் திறந்தேன், காற்று இல்லை. உடனே தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். பத்து நாள் கழித்து, வாய் புண்ணாகாமலிருக்க, கழுத்தில் ஒரு துளை போட்டு அது வழியாகக் குழாயை மாற்றினார்கள். எப்படியானாலும் காற்று குரல்வளைக்கு வராது, பேச்சும் வராது. நாற்பத்தொரு நாள் நான் பேசவில்லை. அதற்கு முன் என் வாயிலிருந்து கடைசியாக வந்த சொல் ஒன்பது.

நான் மயக்கத்தில் இருப்பதாகத்தான் பலர் நினைத்தார்கள். கையில்லை, காலில்லை, முகத்தில் ஒரு சுளிப்பில்லை. இமைகூட முழுக்க மூடாது. ராத்திரியில் கண் காய்ந்துவிடாமலிருக்கக் களிம்பு தடவி இமைமேல் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். ஆனால் காது கேட்டது. புத்தி தெளிவாக இருந்தது. கருவிழி மட்டும் அசைந்தது. மேலே பார்த்தால் ஆமாம், பக்கவாட்டில் பார்த்தால் இல்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது மலர் சிஸ்டர். அந்த வார்டில் என்னிடம் "குட்மார்னிங் செல்வராணி" என்று சொல்லிவிட்டு ஊசி போட்டது அவர்தான்.

வார்டில் ஒரு படஅட்டை இருந்தது. வலி, தாகம், குளிர், மூச்சுமுட்டல், சளி எடுக்கணும் என்று ஐந்து படம். சிஸ்டர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். அது இல்லாவிட்டால் செத்திருப்பேன். ஆனால் எனக்கு இருந்ததில் பாதி அந்த அட்டையில் இல்லை.

இனி ரோசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோசி என் நாத்தனார், பிரகாசத்தின் தங்கை. காவாந்தண்டலத்தில் இருக்கிறாள். நடவு, களையெடுப்பு, நூறுநாள் வேலை. அஞ்சாவதுவரை படித்தவள். புருஷன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்டாள். இடமில்லை என்று நான்தான் சொன்னேன். இரண்டு அறை, நாங்கள் மூன்று பேர், இடம் பண்ணியிருக்கலாம். அன்றிலிருந்து இரண்டு வருஷம் அவள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

பிரகாசத்துக்கு லீவு போட்டால் வேலை போய்விடும். எங்கள் மகள் ஜெனி என் அம்மாவிடம் இருந்தாள். கூட இருக்க ஆளில்லை. யாரும் கூப்பிடாமல், ஒரு ஒயர்க் கூடையோடு ரோசி வந்து நின்றாள்.

தீவிர சிகிச்சை வார்டுக்குள் காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் விடுவார்கள். மற்ற நேரம் வெளியே உறவினர் கூடாரத்தில் பாய்போட்டுக் கிடக்க வேண்டும். முதல்நாள் என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, நான் ரோசி வந்துகீறேன். உனுக்குக் கோவமா இருந்தாலும் சரி, நான் இங்கதான் இருப்பேன். எயுந்து வந்து தொரத்து" என்றாள்.

மூன்றாம்நாள் கடையில் சின்னப் பிள்ளைகளின் அ, ஆ அட்டை ஒன்றை வாங்கிவந்தாள். மெய்யெழுத்துகளை விரலால் தொட்டுக்கொண்டே போவாள். வேண்டியது வந்ததும் நான் கண்ணை மேலே தூக்க வேண்டும். பிறகு அதற்குரிய உயிரெழுத்தைத் தொடுவாள். ஓர் எழுத்து அமைய இரண்டு, மூன்று நிமிஷம் ஆகும். "இந்த ங-வ வெச்சி எவ பேசப் போறா" என்று ங, ஞ இரண்டையும் தாண்டிவிடுவாள்.

என் பக்கத்துக் கட்டிலில் கட்டுவிரியன் கடித்த ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் புருஷன் தினமும் வந்து அவள் தலையை வாரிவிடுவான். ஒருநாள் மத்தியானம் மெஷின் அலறியது. என்னுடையதுதான் என்று நினைத்தேன். மூன்று நர்சுகள் என்னை நோக்கி ஓடிவந்தார்கள். என்னைத் தாண்டிப் போனார்கள். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா முடிவதற்குள், எச்சில் கையால் சாமி படத்தைத் தொட்டதுபோல ஒரு கூச்சம். திரையை இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மெஷினை நிறுத்தினார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

சாயங்காலம் ரோசி வந்ததும் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து பெட் என்று தொடங்கினேன். முதல் எழுத்துக்கே நேரம் போனது. வாட்ச்மேன் குரல் கொடுத்துவிட்டார். அவசரத்தில் நடுவிலிருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, ப என்றும் பெ என்றும் மட்டும் காட்டினேன்.

"பபெ. பபென்னா இன்னா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை வந்து உட்கார்ந்தாள். அட்டையை எடுக்கவில்லை. "ராத்திரி முச்சூடும் யோசிச்சிக்கினு இருந்தேன். பபென்னா பக்கத்து பெட்டா?"

மேலே பார்த்தேன்.

"அந்தப் பொம்பள செத்துட்டா, அதுவா? பயமா கீதா? இல்லியா? துக்கமா? அதும் இல்லியா?" என் முகத்தருகே குனிந்தாள். யாருக்கும் கேட்காத குரலில், "உனுக்கு வரலன்னு சந்தோசப்பட்டியா?" என்றாள்.

மேலே பார்த்தேன். உடனே பக்கவாட்டில் பார்த்தேன்.

"ஆமாவும் இல்லயுமா? மொதல்ல சந்தோசம், அப்பால தூத்தேறின்னு ஆயிடிச்சா?"

என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் முந்தானை நுனியைத் திரித்துக் காதைத் துடைத்தாள்.

"எனுக்கும் வந்துகீது அண்ணி. அவரு போன லாரி கவுந்துடிச்சி, ரெண்டு பேரு போயிட்டாங்கன்னு மட்டும் சொன்னாங்க. பேரு சொல்லல. வேற யாரனா இருக்கட்டும் ஏசப்பான்னு வேண்டிக்கினேன். வேற ஒருத்தி தாலிய எடுத்துக்கோன்னு வேண்டிக்கினேன். இத நான் எவகிட்டயும் சொன்னதில்ல. அதுக்கு இன்னா பேருன்னும் தெரியாது." நிமிர்ந்தாள். "சரி, இனிமே அதுக்குப் பேரு பபெ."

பேச்சு இருந்த காலத்தில் அவள் புருஷன் செத்ததைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதன்பிறகு நாங்கள் சொல் கட்ட ஆரம்பித்தோம். இரண்டெழுத்துக்குமேல் போகக் கூடாது. அகராதியில் இருக்கிறதா என்ற கவலையில்லை. ரோசி கேள்வி கேட்டுக் கேட்டு உள்ளே இருப்பதைத் தொடுவாள். தொட்டதும் அது எங்கள் சொல்லாகிவிடும்.

தினமும் காலையில் நாலு பேர் சேர்ந்து என்னை மூட்டை மாதிரி ஒருக்களித்துப் பிடித்து, முதுகு துடைத்து, துணி மாற்றுவார்கள். மானம் போகும். ஆம்பிளை வார்டுபாய் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் நிற்கிறவரோடு சினிமா பேசுவார். ஆனால் அந்தப் பத்து நிமிஷம்தான் மனிதக் கைகள் என் உடம்பின்மேல் இருக்கும். அதனால் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பேன். வெறுத்துக்கொண்டே காத்திருப்பேன். அதற்குப் பெயர் மூமூ, மூட்டையின் முதலெழுத்து இரண்டு தடவை. ரோசி இதை மலர் சிஸ்டரிடம் சொல்லிவிட்டாள். சிஸ்டர் சிரிக்கவில்லை. அன்று முதல் திரையை இழுத்துவிட்டு, அவரே என் தோளைப் பிடித்தார். "செல்வராணி, மூமூவை ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டபிறகுதான் என்னைத் தொடுவார்கள்.

பிரகாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவது எனக்குத் தெரியும். ஜெனி பேசிய பேச்சைப் போனில் பதிந்துவந்து காதில் வைப்பார். "அம்மா, நான் கணக்குல எண்பத்தி ரெண்டு" என்று அவள் சொல்வதை நாலு தடவை போடுவார். உள்ளங்காலில் தேங்காயெண்ணெய் தடவுவார். கடைசியில், "ஒண்ணுமில்ல ராணி, ஒண்ணுமே இல்ல, சரியாயிடும்" என்பார். கேட்டதும் அவரை நெட்டித் தள்ளவேண்டும் போலிருக்கும். ஒன்றுமில்லையா, இதுவா ஒன்றுமில்லை? ஆனால் அதைச் சொல்லாமல் அவர் கிளம்பிவிட்டால் அன்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இது ஒணி, ஒண்ணுமில்லயின் ஒ, ராணியின் ணி. இதை ரோசி அவரிடம் சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் என்று பக்கவாட்டில் பார்த்தேன்.

சொற்கள் என்னைக் காப்பாற்றின என்று எழுத ஆசைதான். அது பொய். சொல்லால் நோய் ஒரு மயிரளவும் நகரவில்லை. ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலுள்ள மஞ்சள் நீரை மாற்றித் திரும்ப உள்ளே விடும் சிகிச்சை ஒன்று விட்டு ஒரு நாளாக ஐந்து தடவை நடந்தது. ஐந்தும் முடிந்தபோது ஒரு விரல்கூட அசையவில்லை. நாலாவது வாரம் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இரண்டு மணிக்கொருமுறை கழுத்துத் துளைக்குள் மெல்லிய குழாயை விட்டுச் சளியை உறிஞ்சுவார்கள். கிணற்றுக்குள் தலையை அமுக்கிப் பிடிப்பதுபோல இருக்கும். எடுத்து முடித்ததும் இரண்டு மணி நேரம் அடுத்ததற்குப் பயந்துகொண்டிருப்பேன். அசையாத காலில் போர்வை படுவதே நெருப்பாக எரிந்தது. அசையாத காலுக்கு வலி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தோன்றவில்லை. ஒருநாள் ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் மாணவர்களிடம் இங்கிலீஷில், முன்னேற்றம் இல்லை என்றார். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் ரோசி அட்டையை எடுத்ததும் போ என்று காட்டினேன். பிறகு து. நிறுத்தினேன். எங்கள் வழக்கப்படி இரண்டெழுத்து.

சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஜெனியை நினைத்தால் அது முடியாது. ஆனால் இது நிற்க வேண்டும். இன்னொரு குழாய், இன்னொரு ராத்திரி வேண்டாம். மெஷினை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுவரை எண்ணம் போகவில்லை. போக விடவில்லை. நிறுத்துங்கள் என்பதோடு நின்றது. அதைத்தான் சொன்னேன்.

ரோசி அட்டையையும் என்னையும் பார்த்தாள். "போது. எப்போதுன்னு கேக்குறியா அண்ணி? எப்போ வூட்டுக்கு வுடுவாங்கன்னா? டாக்டரு ஒண்ணும் சொல்லலியே."

இல்லை என்றேன். மறுபடி எழுத்தெழுத்தாகக் காட்டினேன்.

"பொழுது போவலியா? நாளிக்கிப் போன்ல பாட்டு போட்டுக்கினு வரேன்."

மறுநாள் மூன்றாவது எழுத்தையும் சேர்த்தேன். ம். எங்கள் விதியையே மீறினேன், இதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது என்று.

"போதும். இன்னா போதும்? காத்தாடி போதுமா? நிறுத்தச் சொல்லட்டா?" என்று எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தாள். வேர்த்துக் கொட்டியது.

பபெயைக் கண்டுபிடித்தவளுக்கு, ஒன்றரை நாள் யோசித்து மூமூவைக் கண்டுபிடித்தவளுக்கு, நேரான ஒரு தமிழ் வார்த்தை புரியவில்லை. அஞ்சாம் வகுப்பு என்று மனசுக்குள் அவளைத் திட்டினேன். அதைவிடக் கேவலமாகவும் திட்டினேன். மூன்றாம்நாள் அவள் அட்டையே இல்லாமல் வந்தாள்.

"மறந்து வெச்சிட்டு வந்துட்டேன் அண்ணி."

கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். இமை மூடாதவள் ஒருவரைப் பார்க்க மறுக்க வேறு வழியில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும் நின்றாள். நான் திரும்பவில்லை. அந்த வாரம் நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அட்டை திரும்பி வந்தபோதும் கண்ணை அசைக்கவில்லை. அவள் தொட்டுக்கொண்டே போவாள், கடைசி எழுத்துவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வருவாள். சிஸ்டர்கள் நான் மோசமாகிவிட்டதாக ஃபைலில் எழுதினார்கள்.

காய்ச்சல் விட்ட பிறகு, ஒரு காலையில் பிசியோதெரபி பையன் என் தலையைத் திருப்பும்போது, "அக்கா, நீங்களா தள்ளுனீங்க?" என்றான். கழுத்து தானாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. இந்த நோய் போகும்போது மேலிருந்து கீழே போகும். கடைசியாகப் போனது முதலில் வரும். மெஷினைக் கழற்றி இரண்டு நிமிஷம் நானாக மூச்சுவிட விட்டார்கள். மறுநாள் பத்து நிமிஷம். பிறகு ஒரு மணி நேரம். மெஷின் இல்லாமல் கிடந்த முதல் ராத்திரி, தூங்கினால் மூச்சுவிட மறந்துவிடுவேனோ என்று விடியும்வரை விழித்திருந்தேன்.

நாற்பத்திரண்டாம் நாள் கழுத்துக் குழாயின் வாயை ஒரு மூடியால் அடைத்துவிட்டு, "பேசுங்க" என்றார் டாக்டர். தகரத்தைத் தேய்த்தது மாதிரி ஒரு குரல் வந்தது. தண்ணீர் என்றேன். ரோசி எதிரேதான் நின்றாள். அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. குரல் வந்ததும் இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது. அவள் "சாப்ட்டியா அண்ணி" என்றாள், நான் "நீ சாப்பிட்டியா" என்றேன். ஊரில் எல்லாரும் பேசுவதையே நாங்களும் பேசினோம்.

எழுபத்தாறாவது நாள் வீட்டுக்கு வந்தேன். ரோசி எங்களோடு இரண்டரை மாதம் இருந்தாள். நடை கற்றுக்கொடுத்தாள் என்று அழகாகச் சொல்ல முடியாது. வைதுகொண்டே நடக்க வைத்தாள். ஒருநாள் நான் வாக்கரைத் தூக்கி எறிந்தேன். அவள் அதை எடுத்துக் கழுவிக் காயவைத்துவிட்டு மறுபடி என்முன் வைத்தாள். நடவு ஆரம்பித்ததும் காவாந்தண்டலம் போய்விட்டாள். இருந்துவிடு என்றேன். "ஆள் கெடைக்காத நேரம் அண்ணி, நாலு காசு பாக்கணும்" என்றாள்.

இப்போது குச்சி ஊன்றி நடக்கிறேன். பாதம் இன்னும் தொங்குகிறது, பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொள்கிறேன். இடதுகையில் இரண்டு விரல் மரத்தே கிடக்கின்றன. கடைக்குத் திரும்பப் போகிறேன். டைப் மெதுவாக வருகிறது.

போன மாதம் சென்னைக்குச் செக்கப்புக்குப் போனோம். ரோசியும் வந்தாள். டாக்டர் சுத்தியால் தட்டினார். கால் லேசாகத் துள்ளியது. அவரே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் பசிக்கிறது என்றேன். கேட்டுக்கு எதிரே ஒரு சின்ன பிரியாணிக் கடை. உள்ளே போகலாம் என்றதும் ரோசி தயங்கினாள். "வேற எங்கனா போலாமே." என்னால் இதற்குமேல் நடக்க முடியாது என்று சொன்னபிறகுதான் வந்தாள்.

உட்கார்ந்ததும் இலை போட்டு இரண்டு பேருக்கும் குஸ்கா வைத்தார்கள், மேலே ஒரு அவித்த முட்டை. நான் ஒரு வாய் சாப்பிட்டேன். அவள் கைவைக்கவில்லை. எதற்கென்று தெரியாமல், அன்று கேட்டுவிட்டேன். ஏழெட்டு மாதமாக நாக்கு நுனியில் இருந்த கேள்வி.

"ரோசி, நான் போதும்னு சொன்னேனே. உனக்கு நிஜமாவே புரியலியா?"

அவள் இலையைப் பார்த்தாள்.

"புரியாம இன்னா அண்ணி. நீ து-வோட நிறுத்துனியே, அப்பவே புரிஞ்சிபோச்சி."

"அப்புறம் ஏன் மக்கு மாதிரி நின்ன?"

"புரிஞ்சிதுன்னு சொல்லிட்டா நான் இன்னா பதில் சொல்றது? சரின்னு சொல்லவா, கூடாதுன்னு சொல்லவா? சரின்னா நான் மனுசியே இல்ல. கூடாதுன்னு சொல்றதுக்கு, அந்தக் கொயாய எந்தொண்டயிலயா வுட்டாங்க? ரெண்டும் வாயில வரல. அட்டய வேணும்னுதான் கூடாரத்துல வெச்சிட்டு வந்தேன்."

பக்கத்து மேசையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"அது கூட இல்ல அண்ணி," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்கி மொத நாளு, உங்கிட்ட எப்போதுன்னு கேக்குறியான்னு நடிச்சிட்டு வெளிய வந்தேன். அழுவ வரும்னு பாத்தேன், வரல. பசி வந்துச்சி. காலு தானா இந்தக் கடைக்கி வந்துடிச்சி. இதோ, இதே பலகைதான். ரெண்டு பிளேட்டு குஸ்கா துன்னேன். ரெண்டு பிளேட்டு. உள்ள நீ என்ன வுட்டுடுங்கன்னு சொல்லிக்கினு கீற, இங்க எனுக்கு ருசியா கீது. அவ்ளோ ருசி, என் ஆயுசுக்கும் துன்னதில்ல. மறுநாளும் வந்தேன். அதுக்கு மறுநாளும்."

எங்கள் பழக்கம் என்னையும் மீறி வாயில் வந்துவிட்டது. "அதுக்கு என்ன பேரு வெச்ச?"

ரோசி இல்லையென்று தலையாட்டினாள். "பேரு வெச்சா உங்கிட்ட சொல்லணும் இல்ல? அதான் வெக்கல."

கண்ணைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன. அவளுடைய குஸ்கா ஆறிக்கொண்டிருந்தது. என் வலதுகை இன்னும் நடுங்கும், வழுக்குகிற எதையும் பிடிக்காது. ஆனாலும் என் இலையிலிருந்த முட்டையை மூன்றாவது முயற்சியில் எடுத்து, வழியில் விழாமல், அவள் இலையில் வைத்தேன்.

"துன்னு," என்றேன்.

துன்னாள்.